நிற்றலும் இருத்தலும்: கடை ஊழியர் இருக்கையுரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொழில் செய்வோர்க்கு நேரும் உடற்கேடுகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பொறிகளையும் சுரங்கங்களையும் நச்சுப் பொருள்களையுமே முதற்கண் கருதுவது வழக்கம். கை நசுங்குவதும் கண் இழப்பதும் எவர்க்கும் புலனாகும். ஆயின், நாள் முழுவதும் ஓரிடத்தில் நின்றுகொண்டிருத்தலும் ஒரு தொழிற்கேடே என்பது எளிதிற் புலனாவதன்று. அதிற் குருதி சிந்துவதில்லை, ஓசை எழுவதில்லை, கேடு வந்த நாள் இஃது எனச் சுட்டிக் காட்டவும் இயல்வதில்லை. அதனாலேயே அஃது ஆராய்வார் கண்ணில் அருகியே படுகின்றது.

2021ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் புதிய பிரிவொன்றைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர் அனைவர்க்கும் தக்க இருக்கை வசதி அமைத்தல் வேண்டும் என்பதும், வேலைக்கிடையே வாய்ப்பு நேருங்கால் அவர்கள் அமர்ந்து இளைப்பாறுதற்கு அது பயன்பட வேண்டும் என்பதும் அப்பிரிவின் சாரம். சில வரிகளே கொண்ட இப்பிரிவு நம்முன் ஒரு வினாவை எழுப்புகின்றது. நிற்றலால் விளையும் கேடு ஐரோப்பிய மருத்துவ நூலொன்றில் 1700ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. அதனைத் தடுக்க வேண்டுவதோ ஒரு நாற்காலி. அதன் விலையும் பெரிதன்று. அங்ஙனமாயின், அறிவும் பொருளும் முன்னரே இருக்க, இருக்கை மட்டும் இவ்வளவு காலம் பின்தங்கியது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரமாசினியின் நூல்

தொழில்வழி நோய்களைத் தனித்துறையாக வகுத்து முதன்முதல் விரிவாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ இரமாசினி என்பவர். அவர் 1633இல் கார்ப்பி என்னும் ஊரிற் பிறந்தவர், மோதெனாவிலும் பின்னர்ப் பாதுவாவிலும் மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர், 1714இல் மறைந்தவர். தொழிலாளர் நோய்கள் பற்றி இலத்தீன் மொழியில் அவர் இயற்றிய நூல் 1700இல் மோதெனாவில் வெளிவந்தது. அதன் விரிந்த பதிப்பு 1713இல் பாதுவாவில் வெளிவந்தது. தம் வீட்டுக் கழிவுக்குழியைத் துப்புரவு செய்ய வந்த தொழிலாளி ஒருவர் மிக விரைந்து வேலை செய்வதைக் கண்டு, அதன் காரணத்தை வினவியதே இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாயாயிற்று என்று அவரே குறித்துள்ளார். நெடுநேரம் அக்குழியில் இருப்பின் கண் கெடும் என்பதே அவர் பெற்ற விடை. அதன்பின் அவர் பட்டறைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் நேரிற் சென்று கண்டும் கேட்டும் செய்தி திரட்டினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய பழைய வினாக்களுடன், 'நீ செய்யும் தொழில் யாது?' என்னும் பொருள்பட்ட ஒரு வினாவையும் சேர்க்க வேண்டும் என அவர் வற்புறுத்தியமை மருத்துவ வரலாற்றிற் புகழ் பெற்றது.

தொழில்நோய்களுக்கு இரமாசினி இரு பெருங் காரணங்களைக் கூறினார். கையாளும் பொருளின் தீமை ஒன்று. உடலின் இயல்பிற்கு ஒவ்வாத நிலைகளும் இயக்கங்களும் மற்றொன்று. இவ்விரண்டாவது காரணமே நம் பொருளுக்கு அடிப்படை. நின்றே தொழில் செய்வோர்க்கு அவர் ஓர் இயலைத் தனியே ஒதுக்கினார். அவர்தம் கால்களில் நரம்பு சுருண்டு புடைப்பதை அவர் கண்டார். சிறிதுபொழுது அசையாது நிற்றல் நெடுவழி நடத்தலினும் மிகுந்த களைப்பைத் தருவது ஏன் என்பதையும் ஆராய்ந்தார். நிற்பவன் ஓய்ந்திருப்பதாகத் தோன்றினும் அவன் தசைகள் இடையறாது இறுகி உழைக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. உட்கார்ந்தே தொழில் செய்யும் தையற்காரரும் செருப்புத் தைப்போரும் வேறு வகையால் வருந்துவதையும் அவர் எழுதாமல் விடவில்லை. ஆதலின், அவர் நிற்றலைப் பழித்து இருத்தலைப் புகழ்ந்தார் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரே நிலையில் உடலைக் கட்டிவைத்தலையே அவர் கேடெனக் கொண்டார்.

கேட்டின் இயல்பு

பிற்கால உடலியல் இரமாசினியின் கருத்தை மேலும் தெளிவாக்கியது. காலிலுள்ள குருதி புவியீர்ப்பிற்கு எதிராக மேலேறி நெஞ்சப்பையை அடைதல் வேண்டும். நடக்குங்கால் கெண்டைக்காற் சதை சுருங்கி விரிந்து ஒரு துருத்தி போல் அக்குருதியை மேலே செலுத்துகின்றது. நாளங்களிலுள்ள தடுக்கிதழ்கள் அது மீண்டும் கீழிறங்காதவாறு காக்கின்றன. அசையாது நிற்குங்கால் அத்துருத்தி இயங்குவதில்லை. நிற்பவர் கணுக்கால் நாளத்தில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டும். நடக்கத் தொடங்கியதும் அது 30க்கும் கீழாகக் குறையும். நாள்தோறும் பல மணிநேரம் இவ்வழுத்தம் நீடிப்பின் கால் வீங்குகின்றது. காலப்போக்கில் தடுக்கிதழ்கள் தளர்ந்து நாளங்கள் புடைக்கின்றன. நரம்புச் சுருட்டு என்று மக்கள் வழங்குவது இந்நோயையே. இடுப்பு வலியும் குதிகால் வலியும் இதனோடு சேர்கின்றன. டென்மார்க்கு நாட்டில் உழைக்கும் மக்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, இந்நோய்க்காக மருத்துவமனை சேர்ந்தோருள் ஐந்தில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோரின் நோய்க்கு நெடுநேர நிற்றலே காரணமாகலாம் என மதிப்பிட்டது.

ஐரோப்பியக் கடைகளும் முதற் சட்டங்களும்

இரமாசினி கண்ட நிற்போர் பெரும்பாலும் கைத்தொழிலாளர். கடையூழியர் நிற்றல் ஒரு பெருஞ்சிக்கலாக உருவெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எனலாம். 1852இல் பாரிசு நகரில் அரிசுதீது பூசிக்கோ பொறுப்பேற்று வளர்த்த 'போன் மார்ஷே' போன்ற பேரங்காடிகள் பல நகரங்களிலும் தோன்றின. நீண்ட மேசைகளுக்குப் பின்னால் இளம்பெண்கள் வரிசையாக நிறுத்தப்பட்டனர். வாங்க வருவோர் அமர நாற்காலி இருந்தது, விற்போர்க்கு இல்லை. இலண்டன் வழக்கறிஞர் தாமசு சதர்சுட்டு என்பவர் கடையூழியர் படும் துன்பங்களைத் திரட்டி 1884இல் ஒரு நூலாக வெளியிட்டார். கடைமேசைக்குப் பின்னால் நிகழும் சாவும் நோயும் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். அக்காலத்துக் கடையூழியர் பலர் வாரத்திற்கு எண்பது மணிநேரத்திற்கும் மேலாக உழைத்தனர் என்பது நினைவுகொள்ளத்தக்கது. தாமே கடையூழியராக இருந்த மார்கரெட்டு பான்ட்பீல்டு என்னும் பெண்மணி, 1890களின் பிற்பகுதியில் பல கடைகளில் வேலைக்கமர்ந்து உண்மை நிலையை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அவரே 1929இல் பிரித்தானிய அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணியும் ஆவார்.

அமெரிக்காவில் நியூயார்க்கு மாநிலம் 1881இல் பெண் ஊழியர்க்கு இருக்கை அமைக்குமாறு சட்டம் செய்தது. பிரித்தானியாவில் 1899இல் கடையூழியர் இருக்கைச் சட்டம் நிறைவேறியது. பெண் ஊழியர் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வைத்தல் வேண்டும் என்பது அதன் விதி. இச்சட்டங்கள் இரண்டும் பெண்டிர்க்கு மட்டுமே உரியனவாய் அமைந்தன என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பெண்ணுடல் மெலிது, தாய்மைக்குத் தீங்கு நேரும், ஆதலின் இரக்கங் காட்டுக என்பதே அந்நாளைய வாதத்தின் போக்கு. ஆடவனின் காலிலும் அதே குருதியே ஓடுகின்றது என்பது அன்று கருதப்படவில்லை. இருக்கை இரக்கத்தின் கொடையாக வந்ததேயன்றி உழைப்பவரின் உரிமையாக வரவில்லை. அதன் பயன் விரைவில் தெரிந்தது. நாற்காலிகள் வைக்கப்பட்டன, ஆயின், அதில் அமர்ந்த பெண் சோம்பேறி எனப் பெயர் பெற்று வேலை இழக்க அஞ்சினாள். சட்டம் நிறைவேறியது, நிற்றல் மாறவில்லை.

இக்குறை நீங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. பிரித்தானியாவில் 1963ஆம் ஆண்டுச் சட்டமே அலுவலகங்களிலும் கடைகளிலும் பணிபுரியும் ஆடவர் பெண்டிர் இருபாலார்க்கும் பொதுவாக இருக்கையை விதித்தது. அடுத்த ஆண்டு, 1964இல், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வணிகம், அலுவலகம் ஆகியவற்றின் உடல்நலம் பற்றிய 120ஆம் உடன்படிக்கையை ஏற்றது. போதிய தக்க இருக்கைகள் வேண்டும் என்று கூறியதோடு அது நிற்கவில்லை. அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் ஊழியர்க்குத் தரப்பட வேண்டும் என்றும் கூறியது. 1899க்கும் 1964க்கும் இடையே உலகம் கற்ற பாடம் அப்பின்கூற்றில் அடங்கியுள்ளது.

நம் நாட்டுக் கடையும் இருத்தலும்

இனி, நம் நாட்டு நிலையை நோக்குவோம். நம் பழைய கடைவீதிகளில் வணிகன் அமர்ந்தே விற்றான். தெருமட்டத்தினும் உயர்ந்த மேடை, அதன்மேல் பாய் அல்லது மெத்தை, பக்கத்தில் கல்லாப்பெட்டி என்பதே கடையின் அமைப்பு. துணிக்கடையில் வாங்குவோரும் விற்போரும் ஒரே பாயில் அமர்ந்து புடவையை விரித்து நோக்கினர். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் இம்முறை முற்றும் மறையவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரின் கிட்டங்கிகளில், தரையிலிட்ட பெட்டியே மேசையாகவும், அதனருகு அமரும் இடமே அலுவலகமாகவும் விளங்கின. பெட்டியடி என்னும் சொல் அவ்விடத்தைக் குறித்தது. நெசவாளனும் குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து கால்களைக் குழியினுள் தொங்கவிட்டு மிதியை இயக்கினான். ஆண்டுக்கணக்கில் அங்ஙனம் அமர்ந்து குனிந்தமையால் முதுகும் முழங்காலும் நொந்ததும் உண்மையே. பழமை யாவும் நலம் என்பது நம் கருத்தன்று. கடையில் இருப்பவன் உட்கார்ந்திருத்தல் இயல்பு என்று கொள்ளப்பட்டது என்பதே இங்குக் கூற வருவது.

நம் மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. 'இரு' என்னும் வினை உளதாதலையும் அமர்தலையும் ஒருங்கே குறிக்கும். 'அவர் கடையில் இருக்கிறார்' என்னுமிடத்து இவ்விரு பொருளும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன. அதே வேளையில், இருத்தல் தலைமையின் அடையாளமாகவும் வழங்கிற்று. சோழர் மெய்க்கீர்த்திகள் அரசன் தேவியுடன் வீற்றிருந்ததைச் சிறப்பித்துக் கூறும். அரியணை, அரசிருக்கை என்னும் சொற்கள் ஆட்சியையே குறிக்கும். இதற்கு மறுதலையாக ஏவலுக்கு நிற்றல், கைகட்டி நிற்றல், வாயிலில் நிற்றல் என்பன அடங்கியொழுகுதலைக் குறித்தன. சாதி அடுக்கில் தாழ்த்தப்பட்டோர் மேலோர் எனப்பட்டவர்முன் அமரலாகாது என்னும் கொடிய வழக்கம் நெடுங்காலம் நிலவியதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. ஆகவே, யார் இருக்கலாம், யார் நிற்க வேண்டும் என்பது நம் நாட்டில் உடல்நலச் செய்தியாக மட்டும் ஒருகாலும் இருந்ததில்லை.

பழைய கடையிலும் எடுபிடி ஆள் நின்றான்; முதலாளி இருந்தான். பல மாடிப் பேரங்காடி எழுந்தபோது இவ்வேறுபாடு பன்மடங்கு பெருகியது. பாய் போய்க் கண்ணாடிப் பேழையும் நீண்ட மேசையும் வந்தன. சென்னைத் தியாகராய நகரிலும் பிற நகரங்களிலும் துணி, நகை, பாத்திரம் விற்கும் பெருங்கடைகளில் தென்மாவட்டச் சிற்றூர்களினின்று வந்த இளைஞர் பலர் வேலைக்கமர்ந்தனர். காலை முதல் இரவுவரை நிற்பதே வேலையின் முதல் விதியாயிற்று. வசந்தபாலன் இயக்கி 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படம் இவர்கள் வாழ்வைப் பொருளாகக் கொண்டு பலர் கவனத்தையும் ஈர்த்தது.

இரு சட்டங்களுக்கு இடைப்பட்ட வெளி

சட்ட வரலாற்றில் ஒரு முரண்பாடு ஈண்டுக் குறிக்கத்தக்கது. சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் இயற்றப்பட்டது. நாளுக்கு 8 மணிநேரம், வாரத்திற்கு 48 மணிநேரம் என அது வேலையளவை வரையறுத்தது. நான்கு மணிநேர வேலைக்குப்பின் ஒரு மணிநேர ஓய்வை விதித்தது. தூய்மை, காற்றோட்டம், தீத்தடுப்பு ஆகியன பற்றியும் பேசியது. இருக்கையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1948இல், இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. அதன் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர் அனைவர்க்கும் உட்காரத் தக்க ஏற்பாடு வேண்டும் என்றது. உட்கார்ந்து செய்யத்தக்க வேலையாயின் இருக்கை அமைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தையும் தலைமை ஆய்வாளர்க்கு அது வழங்கியது.

ஆகவே, நூலாலையில் பொறியருகே நின்ற தொழிலாளிக்குச் சட்டத்தில் ஓர் இருக்கை இருந்தது. அந்நூலில் நெய்த துணியைக் கடையில் விற்ற தொழிலாளிக்கு இல்லை. இருவர் காலும் ஒன்றே; நிற்றலின் கேடும் ஒன்றே. வேறுபாடு யாது? ஆலையில் தொழிலாளி பொறியின்முன் நிற்கின்றான். கடையில் வாங்க வருவோர்முன் நிற்கின்றான். பொறிக்கு மரியாதை வேண்டுவதில்லை. வாங்குவோர்க்கு வேண்டும் என்று வணிகர் கருதினர். ஆலையில் நிற்றல் வேலைக்குத் தேவையான உடல்நிலை. கடையிலோ அது பணிவின் காட்சி. முன்னதை மாற்றப் பொறியியல் போதும். பின்னதை மாற்ற அது போதாது. தொழிற்சங்கங்களின் வலிமை ஆலையில் மிகுந்தும் கடையில் குறைந்தும் இருந்தமையும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு துணைக்காரணமாகும்.

கேரளமும் தமிழ்நாடும்

இந்நிலையை முதலில் மாற்றியவர்கள் கேரளக் கடைகளிற் பணிபுரிந்த பெண்களே. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையற்றொழில் செய்துவந்த விஜி என்பவர் 2009இல் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பைத் தொடங்கினார். கழிப்பிடம் வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய முதற் கோரிக்கை. உட்காரும் உரிமை அதனைத் தொடர்ந்தது. கழிப்பிடமின்மையால் நீர் அருந்தாதிருந்து நோயுற்றதும், இருக்கையின்மையால் கால் வீங்கியதும் ஒரே தொழில்முறையின் இரு விளைவுகள் என்பதை அவர்கள் தம் உடலாலேயே உணர்ந்திருந்தனர். கேரள அரசு 2018இல் தன் கடைச் சட்டத்தைத் திருத்தி இருக்கையுரிமையை வழங்கியது. தமிழ்நாட்டில் இக்கருத்து 2019இல் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவின் முன் வைக்கப்பட்டு ஏற்கப்பட்டது, 2021இல் சட்டமாயிற்று.

1899ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிடின், 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பு விளங்கும். இது பெண்டிர்க்கு மட்டும் உரியதன்று. மூவர்க்கு ஒன்று என எண்ணிக் கொடுப்பதுமன்று. ஊழியர் அனைவர்க்கும் உரியது. இஃது இரக்கத்தினின்று உரிமைக்கு ஏறிய ஒரு படியாகும். ஆயினும், வாய்ப்பு நேருங்கால் அமரலாம் என்னும் தொடரில் ஓர் ஐயத்திற்கு இடமுண்டு. வாய்ப்பு நேர்ந்ததா என்பதை முடிவு செய்பவர் யார்? முதலாளியா, மேற்பார்வையாளரா, ஊழியரா? கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் இத்தகைய வினா ஒன்றை 2016இல் ஆராய்ந்தது. ஊழியர் ஓரிடத்தில் செய்யும் பணிகளின் இயல்பை உள்ளவாறு நோக்கி முடிவு செய்ய வேண்டும் என்றும், முதலாளியின் கருத்தும் கருதத்தக்கதேனும் அதுவே முடிந்த முடிபாகாது என்றும் அது தீர்ப்பளித்தது. நம் சட்டத்தின் பயனும் இத்தகைய விளக்கத்தைப் பொறுத்தே அமையும்.

துறைப்பெயர் பற்றி ஒரு குறிப்பு

வேலையை மனிதனுக்கு இசைவித்தல் என்னும் இத்துறைக்கு 'எர்கோனாமிக்சு' என்பது பெயர். வேலை, ஒழுங்கு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் போலந்து அறிஞர் வோய்சியெக்கு யாசுத்செம்பொவுசுகி 1857இல் இப்பெயரை ஆண்டார். பிரித்தானியாவில் 1949இல் அறிஞர் சிலர் கூடி அதனைத் தனித்துறையாக்கினர். தமிழில் பணிச்சூழலியல் என வழங்குகின்றோம். இப்பெயர் மேசை, ஒளி, நாற்காலி ஆகிய சூழற் பொருள்களை நன்கு குறிக்கின்றது; ஆயின், மூலச்சொல்லில் உள்ள 'வேலையின் ஒழுங்கு' என்னும் கருத்து இதிற் பின்வாங்குகின்றது. ஒழுங்கை வகுப்பவர் யார், அதனுள் அடங்குபவர் யார் என்னும் வினாவும் அதனோடு மறைகின்றது. வழக்கிற்கு வந்துவிட்ட சொல்லை மாற்றுக என்று நாம் கூறவில்லை. சூழல் என்பது பொருள்களால் மட்டுமன்றி, மனிதர்க்கு மனிதர் காட்டும் மதிப்பாலும் ஆவது என்னும் விரிந்த பொருளை அச்சொல்லுக்குத் தருதல் நம் கடனாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. நிற்றலால் விளையும் கேடு 1700இலேயே அறியப்பட்டது. ஆதலின், அறியாமை தடையன்று. இருக்கையின் விலை சிறிது. ஆதலின், பொருட்செலவும் தடையன்று. நிற்பவனே பணிவுடையான், இருப்பவன் சோம்பன் என்னும் எண்ணமே தடையாயிற்று. அவ்வெண்ணம் மாறாத இடத்தில் நாற்காலி கடையின் மூலையில் வெறிதே கிடந்தது. ஊழியர் தாமே கூடிக் கேட்ட இடத்தில் அது சட்டமாகவும் உரிமையாகவும் வளர்ந்தது.

தமிழாய்வாளர்க்கு இவ்வரலாறு அயலான பொருளன்று. தொழிலாளர் தம் உடல்நோவைக் குறிக்க வழங்கும் சொற்களும், கடை, பட்டறை, தறி ஆகியவற்றில் உடல் அமையும் முறைகளைக் குறிக்கும் சொற்களும் இன்னும் முறையாகத் தொகுக்கப்பட வேண்டியவை. இரமாசினி பட்டறைக்குச் சென்று வினவியது போல, நம் மாணவரும் கடைவீதிக்குச் சென்று வினவுதல் வேண்டும். சட்டம் எழுதிய நாற்காலி கடையில் உள்ளதா என்பதோடு அவ்வினா முடிதல் ஆகாது. வாங்குவோர் கடைக்குள் நுழையுங்காலும் ஊழியர் அஞ்சாது அதில் அமர்ந்திருக்க இயல்கின்றதா என்பதே கேட்கத்தக்க வினா. அதற்கு ஆம் என்னும் விடை கிடைக்கும் நாளிலேயே 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளுதல் தகும்.